செயின் வண்டி – 14: வலது பக்கம்

பத்தாம் நாள் காரியத்தன்று பூவம்மா சொன்ன வார்த்தையை வியாசர்பாடி இன்னும் பேசி முடிக்கவில்லை.

பெண்கள் கூடி, தாலிச் செயினைக் கழற்ற அவள் கழுத்தருகே கையைக் கொண்டுபோன நேரம் அது. பூவம்மா இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். "அவரு செயினக் கயட்டாதன்னு சொல்ட்டு போய்கிறாரு. நான் கயட்ட மாட்டேன்." கோடிப் புடவையோடு ஊரிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், புடவையை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காராமலே ரயிலேறிவிட்டார்.

குடியிருப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "புத்தர் படத்துக்கு வெளக்கேத்துன மனுசன். சாவும்போதும் ஒரு பயக்கத்த ஒடச்சிட்டுப் போய்கிறாரு" என்றது ஒரு கட்சி. "அந்தாளு சொன்னாருன்றதுக்கு இன்னா சாட்சி?" என்றது இன்னொரு கட்சி.

சாட்சி இல்லைதான். ஆஸ்பத்திரி வார்டில், முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு கிடந்த கிருஷ்ணப்பன் பக்கத்தில் அந்த நேரம் நின்றவள் பூவம்மா ஒருத்திதான்.

அந்த ஒற்றை வார்த்தைதான் அன்றிலிருந்து அவளைக் குளிக்க வைத்தது, சமைக்க வைத்தது, இரண்டு வாய் சோறும் தின்ன வைத்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணப்பன் ஆயுசு முழுக்க அடுத்தவர் புல்டோசரை ஓட்டி, ஓய்வு பெறும் வயதில் மாத்தூர் ஏல யார்டில் ஒரு கிழட்டு டோசரைத் தனக்கென்று வாங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். டயருக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஊர்ந்து போகிற வண்டி. "இன்னா மாமு, கப்பல் வாங்கிட்டியாமே?" என்று தெருவே கிண்டல் செய்தது. அவருக்குக் கவலையில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேற்றில் டயர் வண்டி புதையும், செயின் வண்டி நடக்கும் என்பது அவர் கட்சி.

அதன் பிறகு அவர் வீட்டில் இருந்த நேரம் குறைவு. வேலை முடிந்ததும் செயினில் அப்பிய சாம்பல் காய்ந்து சிமெண்டாவதற்குள் ஒவ்வொரு பட்டையாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். கிரீஸ் அடிக்க வேண்டும். "எங்கூட்டுக்காரரு சின்ன வூடு வச்சிகினாருக்கா, மஞ்சக் கலர்ல" என்று பூவம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். "என் கயுத்துல கெடக்கற செயினு அறுந்து வுயுந்தாக்கூட அந்தாளுக்குத் தெரியாது. அந்தச் செயினத்தான் தேச்சிகினு கீறாரு."

அப்படிப்பட்டவர் கடைசியாக இவள் செயினைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். சக்களத்தியை வென்றாகிவிட்டது. பூவம்மா அழும்போதுகூட அதில் ஒரு பெருமை இருந்தது.

மகன் நிலவனுக்கோ அதுவே முள்ளாகக் குத்தியது. பழைய இரும்பை வாங்காதே என்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, ஒரகடத்துப் பக்கம் கம்பெனி வண்டி ஓட்டப் போனவன் அவன். ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் ஓடி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"அம்மாக்கு ஒரு வார்த்த வச்சாரு. எனுக்கு ஒன்னியும் இல்ல" என்று சென்ற வாரம் அக்கா மகிழினியிடம் அவன் சொல்லி அழுதான். அழுது முடித்ததும், கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் டோசரை ஓட்டப் போகிறேன் என்றும் சொன்னான்.

அந்த முதல் வேலைக்கு முந்தின நாள்தான் இன்று.

*

எர்ணாவூர் மேம்பாலத்துக்கு அப்பால், லாரி பாடி கட்டும் ஷெட்டுக்குப் பின்னால் டோசர் நின்றது. எண்ணூர்ப் பக்கம் சாம்பல் குட்டைக்குக் கரை உயர்த்தும் வேலை. மறுநாள் காலை டிரெய்லர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போகும்.

மகிழினி ராயபுரத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸில் கணக்கு பார்ப்பவள். தம்பிக்குத் துணையாக லீவு போட்டு வந்திருந்தாள். துணை என்பதைவிடக் காவல் என்பது சரி. அவன் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"இஞ்சின் சோக்கா கீதுக்கா" என்றான் நிலவன். கையெல்லாம் கிரீஸ். "ஏலத்துல வாங்கறப்ப நைனா இன்னா செஞ்சாரு தெரியுமா? போனதும் ஸ்டார்ட் பண்ணுன்னு சொல்லல. மொதல்ல பானட் மேல கைய வச்சிப் பாத்தாராம். சுட்டுச்சாம். 'இன்னாபா, நான் வர்றதுக்கு முன்னாடியே காப்பி குடுத்து எயுப்பிட்ட போல'ன்னாராம் யார்டுக்காரன்கிட்ட. ஆற வுட்டு, அப்பால ஸ்டார்ட் பண்ணிப் பாத்துதான் வாங்கனாரு. கூடப் போன மொஹ்சின் பாய் சொல்வாரு."

"அப்ப வாங்கக் கூடாதுன்னு நீ ஏன்டா அவ்ளோ கத்துன?"

அவன் குனிந்து ஜாக்கியைத் தள்ளினான். கேட்டிருக்கக் கூடாது என்று மகிழினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் ஒரு பட்டையைக் கையால் தட்டிக் காட்டினான். "இந்த டிராக்குதான் பேஜாரு பண்ணுது. ஒரு கண்ணி விரிசல் வுட்டுகீது பாரு. இப்டியே சேத்துல எறக்குனா அறுந்துரும். இரும்புப் பின்னைத் தட்டி எடுத்துட்டு டிராக்கப் பிரிக்கணும், அந்தக் கண்ணிய மாத்திட்டுத் திரும்ப மாட்டணும். அவ்ளோதான். வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட இன்ஸ்டிடியூட்ல பண்ணிகிறேன்."

"மொஹ்சின் பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அவரு விசாகப்பட்டினத்துல துறைமுக வேலைல கீறாரு. போன் போட்டா எடுக்கறதில்ல. அட, இது இன்னா பெரிய வேலையா?"

மொஹ்சின் மெக்கானிக். கிருஷ்ணப்பனின் பழைய தோஸ்து. சாவுக்குக்கூட வர முடியாமல், போனில் விக்கி விக்கி அழுதவர்.

நிலவன், அந்தக் கண்ணியின் இரும்புப் பின், பட்டைகள் சுற்றி வரும் முன்சக்கரத்துக்கு நேரெதிரே வரும்படி வண்டியை நகர்த்தி நிறுத்தினான். இறங்கி வந்தான். அந்தச் சக்கரத்துக்கு நேர் முன்னால், இரண்டு காலையும் பரப்பித் தரையில் உட்கார்ந்தான். சம்மட்டி பக்கத்தில் கிடந்தது.

"அக்கா, அடில இருட்டா கீது. டார்ச்சு அடி. வலது பக்கம் வா."

மகிழினி வண்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். தன் வலது கைப் பக்கமாக நடந்தாள்.

"அங்க எங்க போறே? வண்டிக்கு வலதுக்கா! சீட்டுல குந்திகினு பாக்கற மாதிரி பாக்கணும். நம்ம வலது வேற, வண்டி வலது வேற. இதுக்கு நைனா என் தலைல எத்தினி தபா குட்டிகிறாரு."

அவள் சுற்றிக்கொண்டு வந்து டார்ச்சைப் பிடித்தாள். 

வலது பக்கம்.

இந்த வார்த்தையை அப்பா வாயிலிருந்து வந்ததாக எங்கே கேட்டோம்?

ஆஸ்பத்திரி வராந்தா. டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பக்கம் வலின்னு சொன்னாரு?" என்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி, "வலது பக்கம், வலது பக்கம்னே சொன்னாரு சார். நானும் வலது பக்கம் மார்ல தடவிக் குடுத்தேன். என் கையத் தட்டி வுட்டுட்டாரு" என்கிறாள். டாக்டர் புருவத்தை நெரித்தார். பிறகு, வலி எங்கே வேண்டுமானாலும் தெரியும் அம்மா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தடவிக் கொடுத்த கையை அப்பா ஏன் தட்டிவிட்டார்?

நிலவன் சம்மட்டியை எடுத்தான்.

"டேய், இதுக்கு இன்னாடா பேரு?" என்றாள் மகிழினி. குரல் அவளுக்கே வேற்றுக் குரலாகக் கேட்டது.

"எதுக்கு?"

"இதோ, நீ கயட்டப் போறியே. இதுக்கு."

"டிராக்கு. ஏன்?"

"நைனா டிராக்குன்னா சொல்வாரு?"

"அவரு எங்க டிராக்குன்னாரு! அது எங்க இன்ஸ்டிடியூட் பேரு. அவருக்கு எல்லாமே செயினுதான். செயினு லூசு, செயினு டைட்டு, செயினக் கயட்டு..."

சொல்லிக்கொண்டே அவன் சம்மட்டியை ஓங்கினான்.

"கயட்டாத!"

அந்தக் கத்தலில் ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகிழினி டார்ச்சை எறிந்துவிட்டுத் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"உனுக்கு இன்னாக்கா ஆச்சு? பைத்தியமா?"

"எயுந்திரு. மொதல்ல அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி குந்தாத. எயுந்துட்டு மொஹ்சின் பாய்க்குப் போன் போடு. எடுக்கற வரைக்கும் போடு."

*

நல்ல வேளை, இந்தத் தடவை எடுத்தார்.

"பாய், நெலவன் செயினக் கயட்டப் போறான்" என்றாள் மகிழினி, எடுத்த எடுப்பில்.

"எந்தச் செயினு? எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அய்யய்யோ!" போனை மீறி வந்தது அந்தக் குரல். "தொடாதம்மா! தொட வுடாத! அவன எட்டப் போகச் சொல்லு!"

பிறகு அவர் மூச்சு வாங்கச் சொன்னது இதுதான். முன்சக்கரத்துக்குப் பின்னால், இரும்புக் கூட்டுக்குள்ளே, மனிதன் தொடைப் பருமனில் ஒரு ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதை அமுக்கிப் பிடிப்பது ஒரு போல்ட். நெஞ்சுவலியில் விழுவதற்கு முந்தின வாரம் கிருஷ்ணப்பன் வண்டியைக் கல் மேல் பின்னால் ஏற்றியபோது உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். போல்ட் ஒடிந்துபோயிற்று.

"இப்ப அந்த ஸ்பிரிங்க எது புடிச்சிகினு கீது தெரியுமா? அந்தச் செயினுதான். செயினக் கயட்டுனா சக்கரம் பீரங்கிக் குண்டு மாதிரி வரும்மா. எதிர்ல எவன் குந்தியிருந்தாலும் காலி. நான் பெரிய ஜாக்கி கொண்டாந்து அமுக்கித்தான் பிரிக்கணும். கிருஷ்ணப்பன் அண்ணன்தான் சொன்னாரு, 'நெலவன் அவசரக்காரன். சண்டை போட்டாலும் ஒரு நாள் வண்டியாண்ட வருவான். வந்ததும் மொதல்ல அதத்தான் பிரிப்பான். நானே போன் போட்டு, வலது பக்கம் செயினக் கயட்டாதடான்னு சொல்லிடறேன்'னாரு. சொன்னாரா இல்லையா?"

நிலவன் அக்காவைப் பார்த்தான்.

"இன்னாமா? சொல்லலையா?"

"சொல்லிகிறாரு பாய்" என்றாள் மகிழினி. "அம்மாகிட்ட சொல்லிகிறாரு. சாவும்போது."

போனை வைத்தாள். நிலவன் எழுந்து, முன்சக்கரத்தை விட்டு விலகி, வண்டியின் மண் தள்ளும் பிளேடின் மேல் போய் உட்கார்ந்தான். சம்மட்டி இன்னும் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல மடியில் வைத்துக்கொண்டான்.

"எனுக்குக்கா" என்றான். "நைனா எனுக்குத்தான் சொல்லிகிறாரு."

"ஆமாடா."

"நான் வந்து இங்கதான் குந்துவேன்னு தெரிஞ்சிகிது அவருக்கு."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஒன்றரை மாதமாக எனக்கு ஒன்றுமில்லை என்று ஏங்கியவனுக்கு அப்பாவின் கடைசி மூச்சே வந்து சேர்ந்திருக்கிறது. சந்தோஷப்பட முடியுமா? மகிழினி அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கிரீஸ் புடவையில் ஒட்டியது.

அழுது ஓய்ந்ததும் அவனே நிமிர்ந்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம்.

"அம்மாகிட்ட?"

"வேணாம்" என்றாள் மகிழினி.

"ஆனா இது என்னுதுக்கா."

"உன்னுதுதான். யாரு இல்லன்னா? மனசுல வச்சிக்க. அவங்களுக்கு அது ஒண்ணுதான்டா கீது. அத்தையும் புடுங்கிகினா அப்புறம் எந்த மூஞ்சில அந்தம்மா தெருவுல நடப்பாங்க? மாமா வேற மூஞ்சில அடிச்ச மாதிரிப் போய்கிறாரு."

நிலவன் சம்மட்டியைத் தரையில் வைத்தான். "சரி. சொல்லல."

*

பூவம்மா தூக்குவாளியோடு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. முதல் வேலைக்கு வண்டி போகிறதே என்று ஒரு முழம் மல்லிகையும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாடா ரெண்டு பேரு மூஞ்சியும் பேயறஞ்சா மாதிரி கீது? கை கால் கயுவிட்டு வாங்க. நெத்திலிக் கருவாட்டுக் கொயம்பு. ஆறிப்பூடும்."

இருவரும் ஷெட்டின் மூலையிலிருந்த டிரம்மில் கை கழுவப் போனார்கள். நிலவனின் போன் பிளேடின் மேல் கிடந்தது. இதைத்தான் அவர்கள் மறந்தார்கள்.

போன் அடித்தது. பூவம்மா பெயரைக்கூடப் பார்க்கவில்லை. காதில் வைத்தாள்.

"யாரு? பாயா? நல்லா கீறியா பாய்?"

மகிழினி சோப்புக் கையோடு திரும்பினாள். ஓட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பாய் பேச ஆரம்பித்துவிட்டார்.

மொஹ்சின் கெட்டவரல்ல. அண்ணிக்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைத்தார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டார். அவர் சொன்னது மகிழினிக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகம் முதலில் புரியாமல் சுருங்கியது. பிறகு "எந்தச் செயினு?" என்றது. பிறகு இடது கை மட்டும் மெல்ல எழுந்து கழுத்துக்குப் போய், அங்கே தொங்கிய செயினை மூடிக்கொண்டது.

"சரி பாய். வக்கிறேன்."

போனைப் பழைய இடத்திலேயே பத்திரமாக வைத்தாள். தூக்குவாளியைத் திறந்தாள். இரண்டு தட்டிலும் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள்.

"துன்னுங்க."

"ம்மா..."

"துன்னுங்க மொதல்ல."

அவர்கள் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பூவம்மா டோசரைச் சுற்றி நடந்தாள். யாரும் சொல்லாமலே வண்டியின் வலது பக்கம் போய் நின்றாள். காய்ந்த சாம்பல் ஒரு பட்டையில் அப்பியிருந்தது. தரையில் கிடந்த தகரத் துண்டை எடுத்து அதைச் சுரண்டினாள். நிதானமாக, ஓரம் விடாமல் சுரண்டினாள். கொண்டுவந்த பூவைப் பட்டையின் இடுக்கில் செருகினாள்.

"உனுக்குத்தான் சொல்லிகிறாரு" என்றாள், வண்டியைப் பார்த்தபடியே. மகனிடம் சொன்னாளா, அந்த மஞ்சள் சக்களத்தியிடம் சொன்னாளா, தெரியவில்லை.

பிறகு திரும்பினாள். "உங்க ரெண்டு பேருக்கும் எப்பத் தெரியும்?"

"இன்னிக்கித்தாம்மா. இப்பத்தான்."

"என்னாண்ட சொல்லியிருப்பீங்களா?"

மகிழினி தட்டைப் பார்த்தாள்.

பூவம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பதில் கிடைத்துவிட்டது.

*

சாயங்காலம், டிரெய்லரை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. 

தண்டையார்பேட்டை தாண்டியதும் பூவம்மாவே வாயைத் திறந்தாள்.

"நான் மார்ல தடவுறேன், அவரு தட்டி வுடறாரு. மறுபடி தடவுறேன், மறுபடி தட்டி வுடறாரு. கண்ணு ரெண்டும் என்னியே பாத்துகினு கீது. எவ்ளோ ஆசையா பாக்கறாரு பாருன்னு நெனச்சேன்டா நெலவா. அய்யோ இவளுக்குப் புரியலையேன்னு பாத்துகிறாரு."

"ம்மா, அப்டிலாம் இல்லம்மா" என்றான் நிலவன். "உனுக்கும் சேத்துத்தான் சொல்லிகிறாரு. ரெண்டு அர்த்தத்துலயும்..."

"டபாய்க்காதடா." குரலில் கோபமே இல்லை. "உனுக்குச் சொன்னத நான் கயுத்துல மாட்டிகினு திரிஞ்சிகிறேன். கொஞ்சம் வுட்டிருந்தா உன்னிய தூக்கிக் குடுத்துட்டு, அப்பவும் மாட்டிகினு திரிஞ்சிருப்பேன்."

மகிழினி அம்மாவின் கையைப் பிடித்தாள். செயினை மூடியிருந்த அந்தக் கை திறக்கவில்லை.

வியாசர்பாடிக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. பூவம்மா முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"தம்பி, வூட்டுக்கு வேணாம். மூலக்கொத்தளம் வுடு."

அங்கேதான் கிருஷ்ணப்பனைப் புதைத்திருந்தார்கள்.

இடுகாட்டு வாசலில் பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பூவம்மா இறங்கிப் புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். நிலவனும் இறங்கப் போனான்.

"நீ குந்து. யாரும் வராதீங்க."

"தனியா எதுக்கும்மா?"

"அவர ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு வரேன்."

அவள் உள்ளே போனாள். கல்லறைகளுக்கு நடுவே மண்பாதை நேராகப் போய், வேப்ப மரத்தடியில் வலது பக்கம் திரும்புகிறது.

"வெயிட்டிங்காமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வெயிட்டிங்தான்" என்றாள் மகிழினி.

வேப்ப மரம் வரைக்கும் அம்மாவின் முதுகு தெரிந்தது. அங்கே அவள் ஒரு கணம் நின்றாள். இரண்டு கைகளும் மேலே எழுந்து பிடரிக்குப் பின்னால் போயின. அவிழ்ந்த கொண்டையை முடிகிறாளா, செயினின் கொக்கியைத் தேடுகிறாளா? அவ்வளவு தூரத்திலிருந்து மகிழினியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கைகள் கீழே இறங்குவதற்குள் பூவம்மா வலது பக்கம் திரும்பிவிட்டாள்.